நாளொரு கோடு

ஓவியப் பயிற்சியைப்பற்றி எழுதப் புகுந்த எம்மைக் கண்டால், எம்மோடு விடுதியில் உறையும் நண்பர்கள் நகைப்பார்கள். நகைத்தற்குக் காரணமும் உண்டு. எம் பெட்டியின் அடியில் நான்கு சித்திரப் புத்தகங்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் முதல் ஆறேழு தாள்களே பென்சிலைக் கண்டவை. எஞ்சியவை கடையில் வாங்கிய அன்றுபோலவே தூய வெண்மையோடு விளங்குகின்றன. முதல் தாளில் மட்டும் ‘இன்று முதல் நாடோறும்’ என்று கொட்டை எழுத்தில் பொறித்து, அதன்கீழ்த் தேதியும் இட்டிருக்கிறோம். நான்கு புத்தகங்களிலும் நான்கு தேதிகள்! இத்தகைய யாம் இப்பொருள்பற்றி எழுதத் துணிந்தது வெற்றி பெற்றோம் என்னும் செருக்கினால் அன்று. சென்ற கோடை விடுமுறையில் ஒரு பிழை செய்து, அதன் வாயிலாக ஒன்றைக் கற்றுக்கொண்டோம் ஆதலின்.

எம் ஊர் இராசபாளையம். மேற்கே மலைத்தொடர், ஊரைச் சூழ நூலாலைகள். அங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் திருவில்லிபுத்தூர். மேனிலைப் பள்ளியில் எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து, கணக்கு வகுப்பில் ஆசிரியரின் மூக்கை எம்மினும் செவ்வையாக எழுதிய நண்பர் ஒருவர் அவ்வூரினர். தந்தையார் நோயுற்றமையால் அவர் கல்லூரிக்கு வரவில்லை. பால்கோவாக் கடை ஒன்றில் அடுப்படியில் நிற்கிறார். 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற அவ்வினிய பண்டத்தை யாவரும் அறிவர். அதனைக் கிண்டும் கையின் வலியை அறிவார் சிலரே.

விடுமுறை தொடங்கிய மறுநாள் நண்பரைக் காணச் சென்றோம். சென்ற யாம் வாளாவிராது, கோயிலின் எதிரே நிழல் தேடி அமர்ந்து இராசகோபுரத்தை எழுதத் தொடங்கினோம். வடபத்திரசாயி கோயிலின் முன் பதினொரு நிலையோடு, சற்றேறக்குறைய 190 அடி ஓங்கி நிற்கும் அக்கோபுரமே தமிழக அரசின் முத்திரையில் விளங்குவது என்று ஊரார் பெருமிதத்தோடு கூறுவர். அம்முத்திரையை 1949இல் வரைந்த மதுரை ஓவியர் கிருஷ்ண ராவ், தாம் எழுதியது மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரமே என்று உரைத்ததாகவும் ஒரு செய்தி உண்டு. இதனைத் திருவில்லிபுத்தூர்த் தேநீர்க் கடையில் உரக்கச் சொல்லுதல் நன்றன்று. யாம் ஒருமுறை சொல்லிவிட்டு, அதே 1949இல் சென்னை மாகாணத்தின் தலைமையமைச்சராகப் பொறுப்பேற்றவர் எம்மூர்க் குமாரசாமி ராஜா என்று பேச்சைத் திருப்பித் தப்பினோம்.

அது நிற்க. கோபுரத்தின் கதை வேறுவிதமாய் முடிந்தது. வாயிலையும் முதல் நிலையையும் பதுமை பதுமையாகப் பார்த்து எழுதினோம். இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலை. தாள் முடிந்துவிட்டது, நிலைகள் ஏழு எஞ்சி நின்றன. வேலை முடிந்து வந்த நண்பர் எம் தோள்மேலாக நோக்கிச் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “கோபுரம் எங்கும் போய்விடாது. முதலில் எங்கள் கடைக் கரண்டியை எழுதிப் பாரேன்” என்றார்.

கரண்டியை எழுதுவதா என்று எமக்கு முதலில் வெறுப்பாகவே இருந்தது. ஆயினும் எம் நான்கு புத்தகங்களும் எதனால் ஆறாம் தாளில் நின்றன என்பது அவர் சொல்லால் விளங்கிற்று. ஒவ்வொரு முறையும் யாம் தொடங்கியது கோபுரத்தையே அன்றோ! ஒருமுறை ஜான் ரஸ்கின் 1857இல் வெளியிட்ட ஓவியத் தொடக்க நூலைக் கல்லூரி நூலகத்திலிருந்து கொணர்ந்து, அவர் விதித்தபடி சிறு கட்டங்களைக் கோடுகளால் ஒரே சீரான சாம்பல் நிறம் தோன்ற நிரப்பத் தலைப்பட்டதும் உண்டு. மூன்று கட்டம் நிரம்பிற்று, பொறுமை நிரம்பவில்லை. யாரும் காணாத அறையில், யாரும் கேளாத கட்டத்தை எவர்பொருட்டு நிரப்புவது?

ஆதலின் இருவரும் ஒருவர்க்கொருவர் கணக்கு ஒப்புவிப்பதென்று முடிவு செய்தோம். முதலிற் கைப்பேசியின் வாயிலாகப் படங்களை அனுப்பிக்கொண்டோம். யாம் அரைமணி நேரம் முயன்று எழுதியதை அனுப்பிய மறுநொடியே, உயர்த்திய கட்டைவிரல் ஒன்று விடையாக வந்து நின்றது. அவர் அனுப்பியதற்கு யாமும் அவ்வாறே செய்தோம். நான்கு நாள் இவ்வாறு கட்டைவிரல்களை மாற்றிக்கொண்ட பின்னர், அவர் எழுதியது யாதென்று எமக்கும், யாம் எழுதியது யாதென்று அவர்க்கும் நினைவில்லை என்பதைக் கண்டு இருவரும் நாணினோம்.

சாந்திநிகேதனத்து ஓவியர் நந்தலால் போஸ் தம் மாணவர்க்கும் நண்பர்க்கும் அஞ்சலட்டைகளிற் படம் எழுதி அனுப்பும் வழக்கமுடையவர் என்று யாம் படித்திருந்தோம். அது நினைவுக்கு வரவே, அஞ்சலகத்தில் ஐம்பது காசு அட்டைகளை ஒருசேர வாங்கினோம். எழுத்தருக்கு எம்மேல் ஐயம் பிறந்திருக்கவேண்டும்; “போட்டிக்கு எழுதிப் போடவா?” என்று வினவினார். விதி இதுவே: மே முதல் நாள் தொடங்கி ஜூன் 9 முடிய 40 நாள்; நாளொன்றுக்கு ஓர் அட்டை; ஒருபுறம் படமும் தேதியும், மறுபுறம் முகவரி. நாற்பது என்னும் எண் எம் இல்லத்துத் தவக்கால வழக்கிலிருந்து வந்தது. தவறுவோர்க்குத் தண்டம் விதிக்கவும் எண்ணினோம். பால்கோவா வாங்கித் தருவதென்றால் அது தண்டமாகுமா என்று நண்பர் வினவ, அவ்விதி கைவிடப்பட்டது.

முதற் பதினைந்து நாள்கள் இன்பமாகவே சென்றன. எதிர்வீட்டில் இராசபாளையத்து நாய் ஒன்று உண்டு; பால்போல் வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. வெள்ளை நாயை வெள்ளை அட்டையில் எங்ஙனம் எழுதுவது? அதன் உருவைச் சுற்றிக் கோடு இழுத்தோம். அது நாயாகாமல் மரப்பெட்டியாயிற்று. மூன்றாம் நாளே, நாயை விட்டுவிட்டு அதன் பின்னிருந்த சுவரைக் கருமையாக்கவேண்டும் என்பது புலனாயிற்று. சுவர் கறுத்தது, நாய் தானே எழுந்து நின்றது! அன்றைக்கு யாம் அடைந்த களிப்பை ஈண்டு எழுதினால் மிகையாகத் தோன்றும்.

நண்பரின் அட்டைகள் வேறு வகையின. கரண்டி, விறகு, கிண்டுவோரின் முழங்கை, மீண்டும் கரண்டி. பொங்கும் பால் ஒரு கணமும் நில்லாததாகலின் அதை எழுத இயலவில்லை என்று ஓர் அட்டையின் ஓரத்தில் வருந்தியிருந்தார். சிலவற்றில் நெய்க்கறை படிந்திருந்தது. பதினொரு கிலோமீட்டரோ பன்னிரண்டோ கடக்க அவ்வட்டைகள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டன. நடக்கத் தெரிந்த ஒருவர் அரைநாளில் கொணர்ந்திருப்பார். ஆயினும் அக்காத்திருப்பிலும் ஒரு பயன் இருந்தது. வந்த அட்டையை யாம் நெடுநேரம் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளே எம்மைக் கெடுத்தன. அன்று தபால் இல்லை. ஆகவே திங்கட்கிழமை இரண்டு அட்டைகளை ஒன்றாகப் பெட்டியில் இடுவோம். இரண்டையும் திங்கட்கிழமையே எழுதினால் யாருக்குத் தெரியும்? இவ்வினா எம் உள்ளத்தில் முளைத்த அன்றே பயிற்சியின் வேரிற் கறையான் புகுந்துவிட்டது.

மே 16 முதல் 19 முடியச் சிவகாசியில் ஒன்றுவிட்ட அக்காளின் திருமணம். திருமண வீட்டில் அட்டையும் பென்சிலுமாக அமர்ந்தால் உறவினர் என்ன சொல்வரோ என்று அஞ்சினோம். ஆகவே 15ஆம் நாள் இரவு விளக்கின் முன் அமர்ந்து, வரவிருக்கும் நான்கு நாள்களின் அட்டைகளையும் எழுதி முடித்தோம். நான்கு தேதிகளையும் இட்டோம். நாளுக்கு ஒன்றாகப் பெட்டியில் இடும்படி தம்பியிடம் கொடுத்தோம். அவன் இருபது ரூபாய் கூலி கேட்டான், கொடுத்தோம். பென்சிலைக்கூட வெவ்வேறு கூர்மையிற் சீவி எழுதினோம் என்பதை இப்போது நினைத்தாலும் முகம் வெயர்க்கிறது.

அந்நான்கனுள் 18ஆம் நாளுக்கென்று எழுதியது எமக்கு மிகப் பிடித்தது. எம்மூர்க்கு அணித்தாகிய சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குரிய பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். வெளுத்த துணியை வெட்டவெளியில் நீள நீளமாக உலர்த்துவர். மாலை வெயிலில் அத்துணி ஒளிவிட, அதன் நிழல் தரையிற் கரும்பட்டையாக விழுவதை நினைவிலிருந்து எழுதியிருந்தோம். நாய் கற்பித்த பாடத்தால் நிழலை நன்றாகக் கறுக்கச் செய்திருந்தோம்.

திருமணம் முடிந்து மீண்டபின் நண்பரின் அட்டை ஒன்று எமக்காகக் காத்திருந்தது. அதே வெட்டவெளி, அதே துணி, எம் படத்தைப் பார்த்துப் படியெடுத்திருந்தார். ஆனால் அதன்மேல் மேலிருந்து கீழாகச் சாய்ந்த கோடுகள் அட்டை முழுதும் நிறைந்திருந்தன. துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடும் இருவர் ஒரு மூலையில் இருந்தனர். எழுத்து ஒன்றும் இல்லை. எமக்கு முதலில் விளங்கவில்லை. தம்பியை அழைத்து 18ஆம் நாள் இங்கே எப்படி இருந்தது என்று கேட்டோம். “நண்பகல் முதல் இருட்டும்வரை மழைதான். குடை பிடித்துக்கொண்டல்லவா உன் அட்டையைப் போட்டேன், அதற்கு இன்னும் பத்து ரூபாய் தரவேண்டும்” என்றான்.

பிளினி என்னும் உரோமானியர் தம் பெருநூலில் அப்பெல்லிஸ் என்னும் கிரேக்க ஓவியரைப்பற்றி இரண்டு செய்திகள் எழுதிவைத்துள்ளார். ஒரு நாளேனும் கோடு இழாமற் கழித்தவரல்லர் அவர் என்பது ஒன்று. எழுதிய படங்களை வழிப்போக்கர் காண வைத்துவிட்டு, அவர்கள் கூறும் குறையை மறைந்து நின்று கேட்பார் என்பது மற்றொன்று. செருப்பின் வாரில் ஒரு குறை கண்டு சொன்னான் ஒரு செம்மான். ஓவியர் அன்றே திருத்தினார். முதற் செய்தியை யாவரும் எடுத்தாள்வர். எமக்கோ அம்மழைக்கோடுகளைக் கண்டபின் இரண்டாவதே பெரிதாகத் தோன்றிற்று. யாம் கோடு இழைத்தோம். ஆனால் எம் நண்பர் எம் படத்தை உண்மையாகவே பார்ப்பார் என்று எண்ணவில்லை. அதுவே அவர்க்கு யாம் செய்த இழிவு.

மே 24ஆம் நாள் வைகறையிற் பேருந்தேறித் திருவில்லிபுத்தூர் சென்றோம். நண்பர் பால் வாங்கச் சென்றிருந்தார். அவருடைய ஆச்சி வாசலில் நீர் தெளித்துக்கொண்டிருந்தார். முகமன் கூறி, திண்ணையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். கல்மாவு கைக்கு ஆகாது, எறும்புக்கும் ஆகாது என்பது அவர் கொள்கை; அரிசிமாவே எடுப்பார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, மீண்டும் ஐந்து, மூன்று, ஒன்று என்று 25 புள்ளிகள் வைத்தார். பின்னர்க் குனிந்த நிலை மாறாமல், இருவிரல்களின் இடையே மாவை ஒழுகவிட்டு, புள்ளி ஒவ்வொன்றையும் வளைத்து வளைத்து ஒரே கோட்டை ஓட்டினார். கோடு எங்கெங்கோ சென்று, தொடங்கிய இடத்தில் வந்து கூடிற்று. அழித்தல் இல்லை, தயங்குதல் இல்லை. அரைநாழிகையும் ஆகவில்லை.

அறுபது ஆண்டுகளாக இதனைச் செய்ய எங்ஙனம் ஊக்கம் குன்றாதிருக்கிறது என்று கேட்டோம். எம் கேள்வியே அவர்க்குப் புதுமையாக இருந்தது. “தம்பி, எனக்கு மட்டும் தினமும் ஆசை பொங்கிக்கொண்டா இருக்கிறது? வாசல் இருக்கிறது, தெரு இருக்கிறது. ஒருநாள் வெறிச்சென்று கிடந்தால் எதிர்வீட்டுக்காரி வந்து, ‘வீட்டில் யாருக்கு என்ன?’ என்று கேட்டுவிடுவாள்” என்றார். சற்றுப் பொறுத்து, “துக்கம் நேர்ந்தால் போடமாட்டோம். அதையும் தெரு பார்த்துப் புரிந்துகொள்ளும். போடாத நாளில் போட்டமாதிரி காட்ட முடியுமா?” என்றார். எம் பிழையை அவர் அறிந்தே சொன்னாரோ, அறியாது சொன்னாரோ! திண்ணை எமக்குச் சுட்டது.

நண்பர் வந்தார். யாம் நான்கு அட்டைகளின் வரலாற்றையும், இருபது ரூபாய்க் கூலியையும் ஒளியாது உரைத்தோம். அவர் சினக்கவில்லை. கடையின் பின்சுவரில் நூல் கட்டி எம் அட்டைகளையெல்லாம் தொங்கவிட்டிருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தோம். அடுப்பின் முன் நிற்கும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். பேண்டேஜ் துணியும் வரிசையில் தன்னிடத்திலேயே தொங்கிற்று. “படம் நன்றாகத்தான் இருக்கிறது, தேதிதான் பொய்” என்றார். அங்கேயே விதி ஒன்றைக் கூட்டினோம். எழுதாத நாளில் வெற்றட்டையை அனுப்பவேண்டும், தேதி மட்டும் இருக்கவேண்டும், காரணம் எழுதலாகாது.

திரும்பும் வழியிற் பேருந்தில் அமர்ந்திருந்தபோது, வகுப்பிற் பயின்ற திருப்பாவை நினைவில் எழுந்தது. அதன் முப்பது பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது முடியப் பத்தும், உறங்கும் தோழியரை வாயிலில் நின்று எழுப்புவன. இதனைத் தேர்வில் எழுதுதற்குரிய குறிப்பாகவே கொண்டிருந்தோம். யாம் கிறித்தவ இல்லத்துப் பிள்ளை. அந்நோன்பின் சமயப் பொருளை விரிக்கும் தகுதி எமக்கு இல்லை. ஆயினும் அவ்வூர்த் தெருவை விட்டு வந்த அவ்வேளையில் ஒன்று கேட்கத் தோன்றிற்று. நோற்பவள் தான் விழித்தாற் போதாதா? மூன்றில் ஒரு பங்கு நூலைப் பிறர் கதவின் முன் நின்றா செலவிடுவது? பதினான்காம் பாசுரத்து நங்கை ஒருத்தி, எல்லோரையும் தானே முன்னெழுந்து எழுப்புவதாக வாய்மொழிந்துவிட்டு இன்னும் உறங்குகிறாள். ‘இன்று முதல் நாடோறும்’ என்று கொட்டை எழுத்திற் பொறித்தவரின் முன்னோடி அவளே. ஆனால் அவள் வாயிலுக்கும் தோழியர் வந்தார்கள். அவளை விட்டுவிட்டுப் போகவில்லை.

எஞ்சிய நாள்களில் யாம் மூன்று வெற்றட்டைகளை அனுப்பினோம். வெற்றட்டையில் தேதியை மட்டும் இட்டு முகவரி எழுதுவது, படம் எழுதுவதினும் கடினம். அதனை ஒருமுறை செய்தவர், கையருகே கிடக்கும் எலுமிச்சம்பழத்தையாவது எழுதிவிடுவார். எலுமிச்சம்பழ அட்டைகள் ஐந்து நண்பரின் சுவரில் உள்ளன.

ஜூன் 4ஆம் நாள் நண்பரிடமிருந்து வெற்றட்டை ஒன்று வந்தது. அவரிடமிருந்து வந்த முதல் வெற்றட்டை அஃது. மறுநாளும் ஒன்று. காரணம் எழுதலாகாது என்று விதித்தவர்கள் யாமே ஆதலின், வினவவும் கூசினோம். கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக ஓர் இரவு கழிந்தது. ஆறாம் நாள் காலையில் வந்த அட்டையில் ஒரு கோலம் இருந்தது. அதே 25 புள்ளிகள். கோடு ஒருபுறம் நடுங்கி, மறுபுறம் தடித்து, இரண்டிடங்களில் அறுந்து, தொடங்கிய இடத்தை அடையாமல் அருகே வந்து நின்றது. ஒரு புள்ளி கோட்டுக்குள் அகப்படாமல் வெளியே தனித்துக் கிடந்தது. கீழே, “ஆச்சிக்கு மணிக்கட்டு முறிவு. இது வாசலில் நான் போட்டது, உள்ளபடியே எழுதியிருக்கிறேன்” என்றிருந்தது. இவ்வொருமுறை விதியை மீறியதை மன்னித்தோம்.

அன்றே சென்றோம். குழாயடியில் வழுக்கி விழுந்திருக்கிறார் ஆச்சி. மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து, மாவுக்கட்டோடு வீடு திரும்பியிருந்தார். அவ்விரண்டு நாளும் வாசல் வெறுமையாகக் கிடக்கவே, கிழவி போய்விட்டாளோ என்று தெருவில் மூவர் வந்து கேட்டனராம். அக்கேள்வியைப் பொறாத நண்பர், மூன்றாம் நாள் நான்கரை மணிக்கு, யாரும் எழுமுன் மாவுக்கிண்ணத்தோடு வாசலில் அமர்ந்திருக்கிறார். ஆண்பிள்ளை கோலம் போடுவதைக் கண்டு எதிர்வீட்டுச் சிறுவர்கள் நகைத்தனர். எதிர்வீட்டு அம்மையார் நகைக்கவில்லை. “இரண்டாம் வரிசையில் தப்பிவிட்டாய், வலப்பக்கம் திருப்பு” என்று தம் வாசலிலிருந்தே உரைத்தாராம். அதனை நண்பர் எம்மிடம் சொன்னபோது, மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்திருந்த ஆச்சி, “அவள் சொன்னதும் தப்பு” என்றார்.

நாற்பது நாள் முடிந்தது, கல்லூரி திறந்தது, அட்டைகள் நிற்கவில்லை. விடுதி முகவரிக்கு அவை வந்துகொண்டிருக்கின்றன. ஆச்சிக்குக் கட்டுப் பிரித்த பின்னரும், விரல் முன்போல் வளையவில்லையாம். புள்ளி அவர் வைக்க, கோடு பேரர் இழுக்கிறார். நேற்று வந்த அட்டையில் 25 புள்ளிகளும் கோட்டுக்குள் இருந்தன. ஓரத்தில் மூன்று எறும்புகள். அவற்றையும் நண்பர் எண்ணியே எழுதியிருக்கவேண்டும்.

விடுதி வாயிலில் உள்ள தபாற்பெட்டியை நான்கரை மணிக்குத் திறப்பார்கள். இப்போது மணி மூன்றேகால். இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தமையால் இன்றைய அட்டை இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர் மிதிவண்டியைக் கவிழ்த்துவைத்துச் சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.